குழம்பைக் கூட்டி, சோற்றைக் குறைத்து

(டெக்சஸ் மாநிலம் பிளானோவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய அவையில் இதய மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரத்தக்குழாய்களை நலமாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேச இதைவிடப் பொருத்தமான வட்டாரம் எனக்குத் தெரிந்து இல்லை. இங்கிருந்து 75ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால், போக்குவரத்து நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணிக்குள் டாலஸின் யூ.டி. சௌத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்துக்குப் போய்விடலாம். மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1970களில் அங்கே இருந்துகொண்டுதான் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏன் சேருகிறது என்ற கேள்விக்கு விடை கண்டார்கள். 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் கண்டது இதுதான். எல்.டி.எல். என்பது கொலஸ்ட்ராலைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் சுற்றும் ஒரு துகள். அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் நம் செல்களின் மேற்பரப்பில் இருக்கின்றன. கல்லீரலில்தான் அவை மிக அதிகம். ஏற்பிகள் நிறைய இருந்தால் எல்.டி.எல். ரத்தத்தில் தங்காது. குறைந்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றச் சுற்ற ரத்தக்குழாயின் சுவருக்குள் புகும்.

கல்லீரலின் பங்கை உலகத்துக்குக் காட்டியதும் நம் பக்கத்துக் குழந்தை ஒருத்திதான். டாலஸுக்கு வடகிழக்கே கம்பி என்றொரு சிற்றூர். அந்த ஊர்ச் சிறுமி ஸ்டார்மி ஜோன்ஸ், இந்த ஏற்பிகள் வேலை செய்யாமலே பிறந்தவள். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நமக்கெல்லாம் 200ஐத் தாண்டினாலே டாக்டர் முகத்தைச் சுளிப்பார். ஆறு வயதுக்குள் அவளுடைய இதயம் கெட்டுவிட்டது. 1984 பிப்ரவரி 14 அன்று பிட்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் தலைமையிலான குழு அவளுக்கு இதயத்தையும் கல்லீரலையும் சேர்த்தே மாற்றியது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிய முதல் அறுவை அது. புதுக் கல்லீரல் வேலையைத் தொடங்கியதும் கொலஸ்ட்ரால் முந்நூறு அளவுக்கு இறங்கியது. ரத்தத்தைச் சுத்தம் செய்வது கல்லீரல்தான் என்பது அப்படி ஐயமில்லாமல் உறுதியானது. அந்தக் குழந்தை 13 வயதுவரைதான் வாழ்ந்தாள். அவள் கதையைச் சொல்லாமல் கொலஸ்ட்ரால் பற்றி நான் எங்கும் பேசுவதில்லை. நாம் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், எந்த உணவு ரத்தக்குழாய்க்கு நல்லது, எது கெட்டது என்ற கேள்வியில் பாதிக்கு இந்த ஒரே கண்டுபிடிப்பில் பதில் இருக்கிறது. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய், கொழுப்புள்ள ஆட்டுக்கறி ஆகியவற்றில் உள்ள நிறைகொழுப்பு கல்லீரலின் ஏற்பிகளை மந்தமாக்குகிறது. கரையும் நார்ச்சத்து அதற்கு நேர்மாறு. அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றிவிடும். புதுப் பித்தம் சுரக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ள அது ஏற்பிகளைக் கூட்டுகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க நீங்கள் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரையும் வேறொரு வழியில் இதே ஏற்பிகளைத்தான் கூட்டுகிறது. அதனால் உணவும் மாத்திரையும் எதிரெதிர்க் கட்சிகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைக்கு என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்துவதும் வேண்டாம்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். பழைய தண்ணீர்க் குழாய்க்குள் உப்புப் படிகிற மாதிரி ரத்தக்குழாய் அடைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குழாய்க்கு உயிர் இல்லை, ரத்தக்குழாய்க்கு உண்டு. படிவு சுவரின் உட்பரப்பில் ஒட்டுவதில்லை, சுவருக்கு உள்ளேயே வளர்கிறது. பல மாரடைப்புகளில், பாதிகூட அடைக்காத ஒரு படிவு திடீரென வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்திருக்கும். அதனால்தான் போன மாதம் டிரெட்மில் சோதனையில் தேறியவருக்கு இந்த மாதம் மாரடைப்பு வருகிறது. அவர் சோதனையில் ஏமாற்றவும் இல்லை, மருத்துவர் ஏமாற்றவும் இல்லை. அந்தச் சோதனை பார்ப்பது ஓட்டத்தை. ஆபத்து சுவருக்குள் இருந்தது.

இது எப்போது தொடங்குகிறது தெரியுமா? கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பங்குப் பேரின் இதயத் தமனிகளில் நோய் தொடங்கியிருந்தது. ஆகவே இங்கே ஓடியாடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் பேசுகிறேன். 9 வயதிலிருந்து 11 வயதுக்குள் ஒரு முறை எல்லாக் குழந்தைகளுக்கும் கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதலே சொல்கிறது. பள்ளிக்கூடப் படிவத்துக்காகக் குழந்தை மருத்துவரிடம் போகும்போது நீங்களாகவே கேளுங்கள். ஏற்பிக் குறைபாட்டின் மிதமான வடிவம் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலோர்க்கு அது தெரியாது.

இனி நம் கதைக்கு வருகிறேன். இதய மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. அதில் தெற்காசியர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, முதல் மாரடைப்பின் நடு வயது 53 என்று வந்தது. மற்ற நாட்டவர்க்கு ஏறக்குறைய 59. ஆறு ஆண்டு முந்துகிறது. ஐம்பத்து மூன்று வயது என்றால் பெரிய பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டும் வயது, வீட்டுக் கடன் முடியாத வயது. அமெரிக்காவில் வாழும் நம்மவர்களைப் பின்தொடர்வதற்கென்றே 2010இல் சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ வட்டாரங்களில் மசாலா ஆய்வு தொடங்கியது. தொடக்கத்தில் 906 பேர். அவர்களில் நீரிழிவு 23 சதவீதம். ஒப்பிட்ட வெள்ளையர்களில் அது 6 சதவீதம். 2018இல் வந்த அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல், தெற்காசிய மரபில் பிறந்திருப்பதையே ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணியாக எழுதிவைத்துவிட்டது.

என் அறைக்கு வரும் பலர் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "டாக்டர், நான் சிகரெட் தொட்டதில்ல, தண்ணி கிடையாது, சுத்த சைவம், ஆளும் ஒல்லி. எனக்கு எப்படி அடைப்பு வரும்?" அந்த வேதனை நியாயமானது. ஆனால் ஒல்லி என்பது கண்ணுக்குத் தெரியும் ஒல்லி மட்டுமே. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டன் நண்பர் யுட்கினோடு சேர்ந்து நின்று எடுத்த படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்க்குக் கைகால் மெலிந்திருக்க, வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பு உட்கார்ந்துகொள்கிறது. அதனால் எடை பார்க்கும் இயந்திரத்தை நம்பாமல் இஞ்சு டேப்பை எடுங்கள். தொப்புள் மட்டத்தில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் ஒல்லி என்ற சொல்லை விட்டுவிடலாம்.

இப்போது தட்டுக்கு வருவோம். அதில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன்.

இரவு எட்டரை மணி. கூட்டங்கள் முடிந்து மடிக்கணினியை மூடிவிட்டு ஒருவர் சாப்பிட உட்காருகிறார். தட்டில் சோறு, நடுவில் குழி, அதில் சாம்பார். ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல், ஓர் அப்பளம். அது முடிந்ததும் இன்னொரு கரண்டி சோறு, ரசம். அதுவும் முடிந்ததும் தயிருக்கு என்று மறுபடி ஒரு கரண்டி, தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். கேட்டால் "கொஞ்சம்தான் சாப்பிட்டேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் போட்டார். ஆனால் சோறு மூன்று முறை வந்தது. ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது. வயலில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவருக்கு அது எரிபொருள். நாற்காலியில் பத்து மணி நேரம் இருந்தவருக்கு அதில் மிச்சமாவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. டிரைகிளிசரைடு என்னும் அந்தக் கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது. நம் ஆட்களின் ரத்த அறிக்கையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோலம் இதுதான்.

இதைச் சென்னையில் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நீரிழிவு மருத்துவர் மோகன் குழுவினரின் சென்னை ஆய்வில், நகரவாசிகள் உணவிலிருந்து பெறும் சக்தியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது. அதை அதிகம் உண்டவர்களிடம் வயிற்றுப் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவை கூட்டாக வருவதும் அதிகமாக இருந்தது. நாடு முழுக்க எடுத்த பெரிய கணக்கெடுப்பிலோ உணவுச் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்து.

சோற்றை ஒழியுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்கவும் மாட்டீர்கள். நான் கேட்பதெல்லாம், சோறு ஒரு முறை மட்டும் வரட்டும். சாம்பாரோடு ஒரு கரண்டி. ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். தயிரை வெள்ளரிக்காயோ கேரட்டோ போட்டுக் கிண்ணத்தில் சாப்பிடுங்கள். பொரியலும் கூட்டும் தட்டில் பாதி இடத்தைப் பிடிக்கட்டும். சாம்பாரில் பருப்பைக் கூட்டிக் கெட்டியாக்குங்கள், காயை அள்ளிப் போடுங்கள். இதற்குப் புதுச் சமையல் எதுவும் கற்க வேண்டாம். பரிமாறும் கை மாறினால் போதும். வீட்டில் பரிமாறுபவர் அம்மாவாகவோ மனைவியாகவோ இருந்தால், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்ற கேள்வி சோற்றுக்குப் பதில் காய்க்கு வரட்டும்.

சிறுதானியம் நல்லதுதான். ஆனால் அதை மைபோல் அரைத்து மாவாக்கி, இட்லியாகவும் பணியாரமாகவும் செய்து பன்னிரண்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் ஏறும். முழுதாக வேகவைத்துச் சாப்பிடுவதே மேல்.

கரையும் நார்ச்சத்து என்றேன் அல்லவா? டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் 2003இல் நடத்திய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு குழுவுக்கு ஸ்டாட்டின் மாத்திரை. இன்னொரு குழுவுக்கு மாத்திரை கிடையாது. ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், இசப்கோல், தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின், கூடவே நம்முடைய வெண்டைக்காயும் கத்தரிக்காயும். ஒரு மாதத்தில் மாத்திரைக் குழுவுக்கு எல்.டி.எல். 31 சதவீதம் இறங்கியது, உணவுக் குழுவுக்கு ஏறக்குறைய 29 சதவீதம். சிறிய ஆய்வுதான், 46 பேர். எல்லாவற்றையும் ஆய்வகமே அளந்து கொடுத்ததால் அவ்வளவு இறங்கியது, வீட்டில் அத்தனை இறங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வழவழப்பு என்று நம் பிள்ளைகள் ஒதுக்கும் வெண்டைக்காயின் அந்த வழவழப்பேதான் மருந்து. அதை எண்ணெயில் மொறுமொறுவென வறுத்தெடுக்காமல் குழம்பில் போடுங்கள். கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டைப்பயறு, ராஜ்மா, அவரைக்காய், ஊறவைத்த வெந்தயம், கொய்யா எல்லாம் இதே குடும்பம். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையில் 12 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. நாளொன்றுக்கு நமக்கு வேண்டியது 25 முதல் 38 கிராம்.

கொட்டை வகையில் ஒரு கைப்பிடி தினமும் சாப்பிடலாம். பாதாமையே தேடிப் போக வேண்டாம், டெக்சஸின் மாநில மரமே பிக்கன். வறுக்காமல், சர்க்கரைப் பாகில் தோய்க்காமல் சாப்பிடுங்கள். மீன் உண்பவர்கள் வாரம் இரு முறை மத்தியோ சால்மனோ குழம்பு வையுங்கள்.

எண்ணெய் பற்றி வாக்குவாதம் வரும் என்று தெரிந்தேதான் பேசுகிறேன். மரச்செக்கு என்றதும் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுவதில்லை. தேங்காய் எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு. 2020இல் பதினாறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மற்ற தாவர எண்ணெய்களைவிட அது எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளி ஏற்றியது. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைகொழுப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். பாட்டி ஊற்றிய நல்லெண்ணெய்க்குத் திரும்பிப் போவதில் எனக்கு முழுச் சம்மதம், அளவு மட்டும் குறையட்டும். அவியலில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை யாரும் தடுக்கவில்லை. காலைக் காபியில் நெய்யும் வெண்ணெயும் கலந்து குடிப்பது ஆரோக்கியம் என்று கைப்பேசியில் வரும் செய்தியைத்தான் தடுக்கிறேன்.

இனி கீரை. ரத்தக்குழாயின் உள்வரிசைச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர வைக்கின்றன. இதைக் கண்டதற்காக 1998இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவரான ஃபெரிட் முராட் அப்போது ஹூஸ்டனில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கில் வாழும் நுண்ணுயிரிகள் மாற்றித் தர, உடம்பு அதிலிருந்தும் இதே வாயுவைத் தயாரிக்கிறது. கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டுத் தினமும் கொப்பளித்தால் அந்த நுண்ணுயிரிகள் அழிந்து, இந்த வழி அடைபடும். கீரையில் பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்ந்தே வருகின்றன. இரண்டும் ரத்த அழுத்தத்தை இறக்க உதவுபவை.

இந்த ஊரில் எத்தனை தமிழ் வீடுகளின் பின்கட்டில் தொட்டியில் முருங்கை நிற்கிறது என்று எனக்குத் தெரியும். டிசம்பரில் அதைக் கராஜுக்குள் தூக்கிவைப்பதும், 2021 பிப்ரவரிப் பனியில் கருகிப்போனதற்கு வீட்டோடு வருந்தியதும், அடித்தண்டிலிருந்து துளிர்த்ததும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியதும் தெரியும். அந்த அக்கறையில் ஒரு பங்கு தட்டுக்கும் வரட்டும். முருங்கை கிடைக்காத நாளில் கடையில் கிடைக்கும் பாலக் போதும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மட்டும் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், ஒரே அளவில் சாப்பிடுங்கள்.

உப்பு பற்றிச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. பல ஊறுகாய் பாட்டில்களின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், ஒரு மேசைக்கரண்டிக்கே சோடியம் 500 மில்லிகிராமைத் தாண்டும். அது ஒரு நாள் அளவில் கால் பங்கு. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வில், சமையல் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றியதிலேயே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அந்த உப்பு இங்கே கடைகளில் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அப்படியானால் இந்தச் சத்துகளையெல்லாம் மாத்திரையாக வாங்கிவிடலாமே? மொத்தக் கடைகளில் தள்ளுவண்டி நிறைய அந்தப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு போகும் நம்மவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. வைட்டமின் ஈ மாத்திரையை 2000இல் வந்த ஹோப் ஆய்வில் சோதித்தார்கள். மாரடைப்பு குறையவில்லை. பி வைட்டமின்கள் ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற பொருளைக் குறைத்தன, மாரடைப்பைக் குறைக்கவில்லை. ஏறக்குறைய 26,000 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில் வைட்டமின் டி மாத்திரையால் இதயத்துக்கு நன்மை தெரியவில்லை. நியாசின் நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றியது, பலன் ஒன்றும் இல்லை. வைட்டமின் கே2 ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும் என்று விளம்பரம் வருகிறது. டென்மார்க்கில் இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள், இதய வால்வில் படிந்த சுண்ணாம்பு குறையவில்லை. குறைபாடு இருந்தால் கட்டாயம் மருந்து வேண்டும். சைவர்கள் பி12 பார்த்தே ஆக வேண்டும், அது நரம்புக்காக. ரத்தக்குழாய்க்காக மாதம் செலவிடும் அந்தப் பணத்துக்குப் பருப்பும் காயும் வாங்குங்கள்.

அடுத்து கால்கள். நம் வீட்டுப் பக்கம் ஓடும் இதே பிரஸ்டன் சாலையில் தெற்கே போனால் கூப்பர் மையம் வரும். விமானப் படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968இல் ஏரோபிக்ஸ் என்ற நூலை எழுதி, 1970இல் டாலஸில் அந்த மையத்தைத் தொடங்கினார். வந்தவர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவர்களின் உடல்திறனைக் குறித்துவைத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 13,344 பேரின் கணக்கு 1989இல் வெளிவந்தது. திறன் குறையக் குறைய மரணம் கூடியது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்த செய்தி. ஐந்து படிகளாகப் பிரித்தபோது, பெரிய லாபம் மாரத்தான் ஓடுபவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசிப் படியைவிட ஒரு படி மேலே இருந்தவர்களுக்கே கிடைத்தது. ஒன்றுமே செய்யாதவர் தினமும் அரை மணி வேகமாக நடந்தால், இந்த அவையிலேயே அதிக லாபம் அடைபவர் அவர்தான்.

வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். ஆர்பர் ஹில்ஸும் ஓக் பாயின்ட்டும் பாப் உட்ரஃப் பூங்காவும் இருக்கிற ஊரில் இடமில்லை என்று சொல்ல முடியாது. ஜூலை வெயிலில் நடக்கச் சொல்லவில்லை. விடியற்காலையில் நடங்கள், இல்லையென்றால் கடைக்குள்ளேயே நடங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் தெருவைச் சுற்றி வருவது அப்போது ஏறும் சர்க்கரையைத் தணிக்கும். அதற்குக் குடும்பமாகப் போகலாம். வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள், தாய்மார்களும்தான். சாப்பிட்ட சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசை.

தூக்கத்தை அமெரிக்க இதயக் கழகம் 2022இல் தன் எட்டு அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம். இந்தியாவோடு நள்ளிரவுக் கூட்டம் வைக்கும் நண்பர்கள் மேலாளரிடம் நேரத்தை மாற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். புகை பற்றி ஒரே வரி: எந்த உணவும் அதை ஈடுசெய்யாது, வேப்பிங்கும் விதிவிலக்கு இல்லை.

இனி சோதனைகள். வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பவர்கள் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்துப் பாருங்கள். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். 130க்கு 80ஐத் தாண்டுகிறதா என்று குறித்துவையுங்கள். அடுத்தது எல்.பி. ஏ என்னும் பரம்பரைத் துகள். நம்மவர்களில் நான்கில் ஒருவருக்கு அது கூடுதலாக இருக்கிறது. உணவாலும் நடையாலும் அது குறையாது, வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் அது வராது, வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். கூடுதல் என்று தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இதயத் தமனிகளில் சுண்ணாம்பு எவ்வளவு என்று காட்டும் ஸ்கேன் ஒன்று உண்டு. ஊசி இல்லை, சில நிமிட வேலை. டெக்சஸில் வாழ்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2009இல் இந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 45ஐத் தாண்டிய ஆண்களுக்கும் 55ஐத் தாண்டிய பெண்களுக்கும், 76 வயது ஆகும்வரை, நீரிழிவோ நடுத்தர அளவுக்குக் குறையாத ஆபத்தோ இருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சோதனைக்கு 200 டாலர்வரை காப்பீடு தர வேண்டும். இத்தகைய சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் இதுதான். பெரிய நிறுவனங்கள் தாமே பணம் போட்டு நடத்தும் திட்டங்களை இது கட்டுப்படுத்தாது, ஆகவே உங்கள் திட்டம் எந்த வகை என்று மனிதவளத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு பூஜ்யம் என்று வந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் நாற்பது வயதுக்காரரின் சுண்ணாம்பு சேராத மென்படிவு அதில் தெரியாமல் போகலாம்.

கடைசியாக, ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் பற்றி. அவர்கள் இங்கே பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். நெஞ்சில் பாரமோ, இடது தோளிலோ தாடையிலோ வலியோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால், குறிப்பாகத் தாய்மார்கள், "கேஸ்தான், பையன் மீட்டிங்ல இருப்பான், சாயங்காலம் சொல்லிக்கலாம்" என்று மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். பெண்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் அசதியும் மட்டும் வருவதுண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் 911ஐ எப்படி அழைப்பது என்று அவர்களுக்குச் செய்துகாட்டுங்கள். வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைக்கச் சொல்லலாம். நீங்களே காரில் ஏற்றி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆம்புலன்ஸில் வருபவர்கள் வீட்டிலேயே ஈ.சி.ஜி. எடுத்து மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், மருத்துவக் குழு தயாராக நிற்கும். செலவை நினைத்து அவர்கள் தயங்குவார்கள். வருவதற்கு முன்பே பயணக் காப்பீடு எடுங்கள், பழைய நோய்களுக்கு அதில் என்ன வரம்பு என்று படித்துப் பாருங்கள். எடுக்கவில்லை என்றாலும் தயங்க வேண்டாம். அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1986இலிருந்து இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. பில் பின்னால் வரும், அதைத் தவணையாகக் கட்டலாம், குறைக்கச் சொல்லிப் பேசலாம். இதை அவர்கள் காதில் விழும்படி, அவர்கள் நம்பும்வரை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நான் இருக்கிறேன்.